குளத்துப் பறவைக்கு எந்த லென்ஸ்? 70 ஆயிரத்தை எதுல போடறது

எங்க காம்பவுண்ட்ல கடைசி வீட்டு தம்பி போன வாரம் வந்து, "அக்கா, 70 ஆயிரம் சேத்து வச்சிருக்கேன், சீசன் முடியறதுக்குள்ள குளத்துப் பறவைங்கள நல்லா படம் எடுக்கணும், என்ன வாங்கட்டும்"னு கேட்டான். அவன்கிட்ட அவங்க மாமா குடுத்த பழைய கேனான் 700டி இருக்கு, கூட வந்த 18-55 எம்எம் லென்ஸ் மட்டும்தான் (இந்த எம்எம் எண் கூடக்கூட தூரத்துல இருக்கறது பெருசா தெரியும்), அதுல எடுத்தா கூழைக்கடா கூட தண்ணில மிதக்கற தெர்மாகோல் மாதிரிதான் தெரியுது. வாசல்ல நின்னு அரை மணி நேரம் பேசியும் எனக்கு சொல்லி முடியல. இதே கேள்விய இதுக்கு முன்னாடியும் நாலஞ்சு பேர் கேட்டிருக்காங்க, அதனால எல்லாத்தையும் இங்க எழுதிடறேன். நான் போறது கோயம்புத்தூர் குளங்களுக்கு, அதிகமா சிங்காநல்லூர், உக்கடம் பெரியகுளம், அப்பப்ப சூலூர். நான் சொல்றதெல்லாம் அந்தக் கரைல நின்னு பாத்தது. உங்க ஊர் ஏரியும் ஏறக்குறைய இப்படித்தான் இருக்கும்.

முதல்ல ஒண்ணு. எந்த லென்ஸ்னு கேக்கறதுக்கு முன்னாடி எந்தப் பறவைன்னு கேட்டுக்கணும், ஏன்னா நம்ம குளத்துல பறவைங்க ரெண்டு இடத்துல இருக்கும். ஒரு கூட்டம் கரையோரம், சேறும் கோரையும் ஆகாயத்தாமரையும் இருக்கற இடத்துல, அதாவது நாமக்கோழி, நீலத் தாழைக்கோழி, கம்புள் கோழி, மடையான், சின்னக் கொக்கு, பவளக்கால் உள்ளான், இதெல்லாம் உங்ககிட்ட இருந்து 8 மீட்டர்ல இருந்து 25 மீட்டருக்குள்ள வரும். இன்னொரு கூட்டம் நடுக்குளம், ஊசிவால் வாத்து, ஆண்டி வாத்து, நீலச்சிறகின்னு குளிருக்கு வடக்க இருந்து வர்ற வாத்துங்க, இதுங்க 100 மீட்டருக்கு இந்தப் பக்கம் லேசுல வராது. இந்த ரெண்டு கூட்டத்துக்கும் ஒரே காச வச்சு ஒரே கருவி வாங்க முடியாதுங்கறதுதான் விஷயமே. கடைக்காரங்க யாரும் இத சொல்றதில்ல, "எவ்வளவு ஜூம் வேணும்"னுதான் கேப்பாங்க.

கொஞ்சம் கணக்கு போட்டுப் பாப்போம், பயப்பட வேண்டாம், சின்ன கணக்குதான். 700டி மாதிரி கிராப் சென்சார் கேமரால, அதாவது படம் பதியற சென்சார் கொஞ்சம் சின்னதா இருக்கற கேமரால, சென்சார் அகலம் 22.3 எம்எம். தூரத்த லென்ஸோட எம்எம்ஆல வகுத்து 22.3ஆல பெருக்கினா படத்துக்குள்ள எத்தன மீட்டர் அகலம் அடங்கும்னு வந்துடும். 250 எம்எம் லென்ஸ்ல 12 மீட்டர் தள்ளி இருக்கற எடம் ஒரு மீட்டர் சொச்சம் அகலத்துக்கு விழும், நாமக்கோழி நீளம் ஒரு 40 சென்டிமீட்டர், அப்ப படத்துல மூணுல ஒரு பங்குக்கு மேல பறவை, சுத்தி கொஞ்சம் தண்ணி, அருமையான அளவு. அதே 250 எம்எம்ல 100 மீட்டர் தள்ளி இருக்கற ஊசிவால எடுத்தா கிட்டத்தட்ட 9 மீட்டர் அகலம், அதுல அரை மீட்டர் வாத்து, எறும்புதான். 600 எம்எம்ல 100 மீட்டருக்கு 3.7 மீட்டர், வாத்து ஏழுல ஒரு பங்கு, வெட்டி பெருசு பண்ணா ஆணா பொண்ணான்னு தெரியும், சொவத்துல மாட்டற படம் ஆகாது. இத மனசுல வச்சுகிட்டு ஒவ்வொண்ணா பாப்போம்.

பிரிட்ஜ் கேமரால (லென்ஸ கழட்ட முடியாத, பெரிய ஜூம் வச்ச கேமரா) இருந்து ஆரம்பிக்கறேன், ஏன்னா நான் ஆரம்பிச்சதே அதுலதான். நிக்கான் பி900, 83 மடங்கு ஜூம், 24ல இருந்து 2000 எம்எம் வரைக்கும் போற அளவு, மூணு குளிர்காலம் அதையே தோள்ல மாட்டிகிட்டு சுத்தினேன். இப்ப அதுக்கு அடுத்தது பி950, ஜூம் அதே அளவு, ஆனா ரா ஃபைல் (கேமரா எதையும் மாத்தாம அப்படியே வைக்கற படம்) எடுக்கலாம், பி900ல அது கிடையாது. வெயிட் ஒரு கிலோ. இந்த 2000 எம்எம் 36 எம்எம் அகல சென்சாருக்கு மாத்திச் சொல்ற கணக்கு, அதனால 22.3க்கு பதிலா 36ஆல பெருக்கணும், அப்ப 100 மீட்டர்ல 1.8 மீட்டர் அகலம்தான் படத்துல விழும், அதாவது ஊசிவால் வாத்து மூணுல ஒரு பங்கு அளவுக்கு நிக்கும், 70 ஆயிரத்த ஒட்டின விலைல இந்த வீச்சு லேசுல கிடைக்காது. தூரத்துல பூனைப்பருந்து உக்காந்திருக்கா செம்பருந்து உக்காந்திருக்கான்னு சந்தேகம் வந்தா ஜூம் பண்ணி ஒரு படம் எடுத்து அங்கயே பாத்து முடிவு பண்ணிடலாம். பொங்கல் சமயத்துல நடக்கற பறவை கணக்கெடுப்பு இருக்குல்ல, 2015ல இருந்து தமிழ்நாடு முழுக்க வருஷா வருஷம் நடக்கறது, அதுல லிஸ்ட் போடறவங்களுக்கு இத விட நல்ல துணை இல்ல, நான் மனசார சொல்றேன்.

ஆனா இதோட சென்சார் ரொம்ப சின்னது, 700டி சென்சாரோட பரப்புல 12ல ஒரு பங்குகிட்டதான் வரும், அதோட முழு ஜூம்ல எஃப் 6.5 தான் (எஃப் எண் கூடினா உள்ள வர்ற வெளிச்சம் கம்மி), அப்ப மார்கழி காலைல 7 மணிக்கு வெளிச்சம் சரியா வராதப்ப ஐஎஸ்ஓ (வெளிச்சம் பத்தாதப்ப சென்சாரோட உணர்வ கூட்டற எண்) 800 தாண்டினா போதும், எறகெல்லாம் தண்ணில கரைச்ச மாவு மாதிரி ஆயிடும். மடையான் கழுத்துலயும் நெஞ்சுலயும் இருக்கற கோடு கோடான எறகு இருக்கே, அது எனக்கு மூணு வருஷமும் ஒரு தடவ கூட தனித்தனியா வரல. பறக்கற பறவைய பிடிக்கறது இன்னும் கஷ்டம், 2000 எம்எம்ல ஒரு பறவைய தேடறது ஊசித் துளை வழியா வானத்தப் பாக்கற மாதிரி, அதுக்குன்னு ஒரு பட்டன் இருக்கு, அமுக்கினா ஜூம் கொஞ்சம் வெளிய வந்து பறவைய காட்டும், விட்டா திரும்ப உள்ள போகும், நிக்கற பறவைக்கு அது பெரிய உபகாரம், ஆனா பறக்கறதுக்கு ஃபோக்கஸ் வேகம் பத்தாது. நாமக்கோழி எந்திரிக்கறப்ப பாத்திருப்பீங்க, நேரா மேல எழும்பாது, தண்ணி மேலயே தடதடன்னு கொஞ்ச தூரம் ஓடி அப்புறமாதான் காத்துல ஏறும், அந்த ஓட்டத்துல கால் பட்ட இடமெல்லாம் வரிசையா தண்ணி தெறிக்கும், பி900ல அந்த வரிசைய மட்டும் எடுத்தேன், பறவை படத்த விட்டு வெளிய போயிருச்சு.

பி1000னு ஒண்ணு இருக்கு, 3000 எம்எம் வரைக்கும் போகும், அதையும் தம்பி கேட்டான். முழு ஜூம்ல எஃப் 8, வெயிட் 1.4 கிலோ. குளத்துக்கு அது வேண்டாம், ஏன்னு இப்ப சொல்றேன், இது 600 எம்எம் லென்ஸுக்கும் சேத்தேதான்.

தண்ணிக்கு மேல காத்து எப்பவும் சும்மா நிக்காது. மார்கழி விடியல்ல காத்து குளிரா இருக்கும், தண்ணி வெதுவெதுன்னு இருக்கும், அந்த வித்தியாசத்துலதான் ஆவி மாதிரி பனிப்புகை எழும்பறது, பாக்க அழகு, ஆனா அதே வித்தியாசம் வெளிச்சத்த வளைச்சு தூரத்துப் படத்த நடுங்க வைக்கும். வெயில் ஏறி 9, 9.30 ஆச்சுன்னா கரை சூடாகி கானல் ஆரம்பிச்சுடும். இந்த நடுக்கம் 15 மீட்டர்ல தெரியாது, 100 மீட்டர்ல கண்ணாடிக்கு மேல எண்ணெய் தடவின மாதிரி ஆயிடும், லென்ஸ் எவ்வளவு காஸ்ட்லியா இருந்தாலும் காத்து காத்துதான். நான் ஆரம்பத்துல படம் மங்கலா வர்றப்பெல்லாம் கேமரா கோளாறுன்னு நினைச்சு சர்வீஸ் குடுக்கலாமான்னு கூட யோசிச்சேன், அப்புறம் ஒரு நாள் அதே கேமரால 10 மீட்டர்ல ஒரு கம்புள் கோழி எடுத்தப்ப ஒவ்வொரு எறகும் வந்துச்சு. அப்பதான் புரிஞ்சுது. ஆக நடுக்குளத்து வாத்துக்குன்னு ஜூமுக்கு காசு கொட்டறவங்க, அந்த ஜூம் முழுசா வேலை செய்யற நேரம் ஒரு நாள்ல கொஞ்ச நேரம்தான்னு தெரிஞ்சுகிட்டு கொட்டணும்.

இப்ப 150-600. எல்லாரும் ஆசைப்படறது இதுக்குத்தான், சிக்மா ஒண்ணு, டாம்ரான் ஜி2 ஒண்ணு, ரெண்டும் 2 கிலோ ஒட்டி. புதுசு தம்பி பட்ஜெட்ட தாண்டிடும், செகண்ட் ஹேண்ட்ல பாத்தா அடங்கும். பறக்கற கூழைக்கடா, நாரைக் கூட்டம் வந்து இறங்கறது, பருந்து வாத்துக்கூட்டத்து மேல வட்டம் போடறது, இதுக்கெல்லாம் இதான் ராஜா, அதுல மாத்துக் கருத்தே இல்ல. 150ல இருந்து ஆரம்பிக்கறதால பறவை கிட்ட வந்தாலும் பின்னாடி வந்து முழுசா எடுக்கலாம். நான் ஒரு வாரம் வாடகைக்கு எடுத்து உக்கடத்துக்கும் சிங்காநல்லூருக்கும் கொண்டு போனேன். முதல் நாள் நல்லா இருந்துச்சு, மூணாவது நாள் கைல தூக்கி வச்சு 20 செகண்ட் முக்குளிப்பானுக்கு காத்திருக்க முடியல, அது முங்கினா எங்க எந்திரிக்கும்னு தெரியாது, லென்ஸ ரெடியா பிடிச்சுகிட்டே இருக்கணும், கை நடுங்க ஆரம்பிச்சப்புறம் அசைவ குறைக்கற ஸ்டெபிலைசர் லென்ஸ்ல இருந்து என்ன பிரயோஜனம். லென்ஸ சாச்சு வைக்க பீன் பேக், அதாவது ஒரு சின்ன மூட்டை வேணும். ஒரு மஞ்சப்பைல உமிய நிரப்பி வாய தச்சுட்டா போதும், காசு குடுத்து வாங்க வேண்டாம். மதகு சுவர் மேல வச்சு அது மேல லென்ஸ சாச்சா கல்லு மாதிரி நிக்கும்.

இன்னொண்ணும் சொல்லணும், சொல்லத் தயக்கமா இருந்தாலும். விடியக்காலைல ஆள் இல்லாத கரைல தனியா, அவ்வளவு பெரிய லென்ஸோட நிக்கறது பொம்பளைங்களுக்கு மட்டும் இல்ல யாருக்குமே கொஞ்சம் யோசிக்க வேண்டிய விஷயம். சின்ன லென்ஸ் பையில போட்டா வெளிய தெரியாது. நான் தனியா போறப்ப எதை எடுத்துட்டுப் போறேன்ங்கறத பல தடவ இதுதான் முடிவு பண்ணியிருக்கு.

நடுவுல ஒரு பழைய ஆள் இருக்காரு, கேனான் 400 எம்எம் எஃப் 5.6. 1993ல வந்த லென்ஸ், இப்ப செகண்ட் ஹேண்ட்ல மட்டும்தான். ஜூம் இல்ல, ஸ்டெபிலைசர் இல்ல, ஆனா ஒண்ணேகால் கிலோதான், பறக்கற பறவைக்கு ஃபோக்கஸ் சட்டுன்னு பிடிக்கும், கூர்மை இன்னைக்கும் கண்ண உறுத்தற அளவுக்கு இருக்கு. 15 மீட்டர்ல 84 சென்டிமீட்டர் அகலம், நாமக்கோழிக்கும் கொக்குக்கும் அளவெடுத்து தச்ச மாதிரி. ஸ்டெபிலைசர் இல்லாததால ஷட்டர் ஸ்பீடு (ஷட்டர் திறந்திருக்கற நேரம்) 1/800 செகண்டுக்கு கீழ போகக் கூடாது, அப்ப வெயில் வர்ற வரைக்கும் ஐஎஸ்ஓ ஏறித்தான் ஆகணும், 700டில 1600 வரைக்கும் சமாளிக்கலாம், 3200 போனா கருப்புப் பறவைல புள்ளி புள்ளியா வந்துடும். பழகினவங்களுக்கு தங்கம், புதுசா ஆரம்பிக்கறவங்களுக்கு முதல் ஒரு மாசம் பாதி படம் அசைஞ்சு போகும். தம்பிக்கு இத நான் ரெண்டாவதா வைப்பேன்.

மிரர்லெஸ் (உள்ள கண்ணாடி இல்லாத புது வகை கேமரா) பத்தியும் கேட்டான். கேனான் ஆர்10, ஆர்50 மாதிரி பாடியோட (லென்ஸ் இல்லாத வெறும் கேமரா) ஆர்எஃப் 100-400 லென்ஸ், அந்த லென்ஸ் வெறும் 635 கிராம். பறவையோட கண்ண கேமராவே தேடிப் பிடிச்சு ஃபோக்கஸ் பண்ணும், கோரை நடுவுல இருக்கற தாழைக்கோழிக்கு இது எவ்வளவு பெரிய விஷயம்னு பழைய கேமரால கோரைக்கு ஃபோக்கஸ் போய் போய் ஏமாந்தவங்களுக்குத்தான் தெரியும். 400ல எஃப் 8 ங்கறதுதான் குறை, விடியல் வெளிச்சத்துக்கு கொஞ்சம் இருட்டு. கைல எதுவுமே இல்லாம புதுசா ஆரம்பிக்கறவங்க, பட்ஜெட்டும் ஒண்ணேகால் லட்சம் பக்கம் போக முடியும்னா, யோசிக்காம இதுக்கு போங்க. தம்பிக்கு 70 ஆயிரத்துல பாடியும் லென்ஸும் புதுசா அடங்காது, கைல ஓடற பாடிய வச்சுகிட்டு கடன் வாங்கி இத வாங்கறதுல எனக்கு சம்மதம் இல்ல.

ஃபோன் பத்தி ஒரு வரி. 10 மடங்கு ஆப்டிக்கல் ஜூம் இருக்கற ஃபோன்ல 10 மீட்டர்ல இருக்கற கொக்க ஓரளவு எடுக்கலாம், உக்கடம் நடைபாதைகிட்ட நிக்கற கூழைக்கடாவ நல்லாவே எடுக்கலாம், அதுக்கு மேல எதிர்பாக்க வேண்டாம்.

இனி நான் தம்பிக்கு சொன்னது. கேனான் 55-250 எஸ்டிஎம் (எஸ்டிஎம்ங்கறது ஃபோக்கஸ் மோட்டார் வகை). ஆமா, அந்த சின்ன லென்ஸ்தான், 375 கிராம், பிளாஸ்டிக் மவுண்ட், பாத்தா பொம்மை மாதிரி இருக்கும். செகண்ட் ஹேண்ட்ல நான் 11 ஆயிரத்துக்கு வாங்கினேன். கேட்டதும் அவன் முகம் வாடிப்போச்சு, 600 எம்எம் கனவோட வந்தவன்கிட்ட 250ன்னா வாடத்தான் செய்யும், அதனால ஒரு நாள் காலைல நடந்தத அவனுக்கு சொன்னேன், உங்களுக்கும் சொல்றேன்.

போன வருஷம் மார்கழி, பனி நல்லா இருந்த நாள். நானும் எனக்குத் தெரிஞ்ச ஒரு அண்ணனும் மதகுகிட்ட உக்காந்திருந்தோம், அவர்கிட்ட 150-600, என்கிட்ட இந்த 55-250. நாங்க போனப்ப நாமக்கோழிங்க எல்லாம் தலைய முன்ன பின்ன ஆட்டிகிட்டே மெதுவா 40 மீட்டர் தள்ளிப் போச்சு. நாங்க எதுவும் பண்ணல, சுவத்துக்கு முதுகு குடுத்து தரையோட தரையா உக்காந்தோம், எந்திரிக்கல, கை நீட்டிப் பேசல. 20 நிமிஷத்துல ஒண்ணு ரெண்டு திரும்பி வந்துச்சு, 40 நிமிஷத்துல எங்களுக்கு 8 மீட்டர் முன்னாடி அஞ்சாறு மேஞ்சுகிட்டு இருந்துச்சு, நெத்தில அந்த வெள்ளை நாமமும் ரத்தச் சிவப்புக் கண்ணும் அப்படியே தெரியுது. அப்ப கோரைக்குள்ள இருந்து ஒரு தாழைக்கோழி வெளிய வந்துச்சு. 7 மீட்டர்கூட இருக்காது. கோரைத் தண்டு ஒண்ண அலகால இழுத்து ஒடிச்சு, அத ஒரு கால் விரல்ல பிடிச்சு, நம்ம கரும்பு பிடிச்சு கடிக்கற மாதிரி மேல தூக்கி தோலை உரிச்சு உள்ள இருக்கற வெள்ளைத் தண்ட தின்னுச்சு, ஒத்தக் கால்ல நின்னுகிட்டே. எனக்கு 250ல முழுப் பறவை, தூக்கின கால், தண்டு, கீழ தண்ணில அதோட நீல நிழல் எல்லாம் வந்துச்சு, 62 சென்டிமீட்டர் அகலம். பக்கத்துல அண்ணன் 600ல இருந்தாரு, 26 சென்டிமீட்டர்தான் அடங்கும், தலையும் நெஞ்சும் மட்டும் வந்துச்சு, ஜூம வெளிய இழுக்கறதுக்காக கைய அசைச்சாரு, அந்த அசைவுக்கு அது தண்ட போட்டுட்டு உள்ள போயிருச்சு. அதே காலைல நடுக்குளத்துல இருந்த ஊசிவால் கூட்டம் அவர் கேமரால வால் முனை வரைக்கும் தெரிஞ்சுது, என்னோடதுல வெறும் புள்ளி, அதையும் மறைக்காம சொல்லிடறேன். ரெண்டு லென்ஸும் அதுஅது வேலைய செஞ்சுது. ஆனா ஆறு மாசம் கழிச்சு திறந்து பாக்கற படம் எதுன்னா தாழைக்கோழிதான்.

அப்ப மிச்சக் காசு என்ன பண்றது? 8x42 பைனாகுலர் (8 மடங்கு பெருசா காட்டும், முன்கண்ணாடி 42 எம்எம்) ஒண்ணு வாங்க சொன்னேன், நல்லதா. படம் எடுக்க வந்தவனுக்கு எதுக்கு பைனாகுலர்னா, எந்த மூலைல எது மேயுது, எந்த நேரத்துல எங்க வருதுன்னு பாக்காம எங்க உக்காரறதுன்னே தெரியாது. கேமராக் கண்ணாடி வழியா தேடறவங்க ஒரு பறவைய பாப்பாங்க, பைனாகுலர் வச்சவங்க குளத்த பாப்பாங்க. அதோட ஒரு மடிக்கற பாய், இல்லன்னா ரெக்சின் துணி. குளத்துக் கரை மேல நின்னு கீழ பாத்து எடுத்தா பறவையோட முதுகும் அழுக்குத் தண்ணியும்தான் படம், கண்மட்டத்துக்கு இறங்கி எடுத்தா பின்னாடி எதிர்க்கரை பச்சையெல்லாம் கரைஞ்சு போய் பறவை மட்டும் நிக்கும். இந்த வித்தியாசத்த ஒரு லட்ச ரூபாய் லென்ஸ் குடுக்காது. இதெல்லாம் வாங்கியும் பாதிக் காசு மிஞ்சும், பேங்க்ல இருக்கட்டும், ஒரு சீசன் முழுக்க போய் வந்த பிறகு அவனுக்கு பறக்கறதுதான் பிடிக்குதுன்னா 150-600, லிஸ்ட் போடறதுதான் பிடிக்குதுன்னா பி950, அப்ப அவனுக்கே தெரியும்.

எந்தப் பக்கம் உக்காரறது, எத்தன மணிக்குங்கறதும் லென்ஸ் அளவுக்கு முக்கியமான தேர்வுதான். ஜனவரில இங்க சூரியன் 6.45 வாக்குல உதிக்குது, நேர் கிழக்குல இல்ல, நல்லா தெற்க தள்ளி. அப்ப காலைல குளத்தோட தென்கிழக்கு மூலைல உக்காந்தா வெயில் உங்க முதுகுல, பறவை மேல நேரா விழும். எதிர்க்கரைல உக்காந்தா எல்லாப் பறவையும் கருப்பு அட்டை வெட்டின மாதிரிதான், பனிப்புகையோட அந்த நிழல் படம் வேணும்னா அதுக்குன்னு போகலாம், நான் மாசத்துக்கு ஒரு நாள் அதுக்காகவே மேற்குக் கரைக்கு போவேன். சாயங்காலம் 4.30க்கு மேல தென்மேற்கு மூலை. காலையா சாயங்காலமான்னா நான் காலைதான் சொல்வேன், காத்து கம்மி, தண்ணி கண்ணாடி மாதிரி நிக்கும், பவளக்கால் உள்ளானோட அந்த நீளமான ரோஸ் கால் தண்ணில ரெட்டையா விழறது காலைல மட்டும்தான் கிடைக்கும். சாயங்காலம் நடக்க வர்றவங்க கூட்டம், ஆனா அடையறதுக்கு திரும்பற கொக்கும் நீர்க்காகமும் வரிசை வரிசையா வரும், பறக்கற படத்துக்கு அதுதான் நேரம்.

எந்தக் குளம்ங்கறதுல, உக்கடத்துல நடைபாதை போட்டு ஆள் நடமாட்டம் வந்ததால அந்தப் பக்கம் இருக்கற பறவைங்க மனுஷங்களுக்கு பழகியிருக்கு, சின்ன லென்ஸ்காரங்களுக்கு அது நல்லது. சிங்காநல்லூர் குளம் 2017ல நகர்ப்புற பல்லுயிர் பாதுகாப்பு மண்டலமா அறிவிச்சது, மரமும் செடியும் அடர்த்தி, வகை அதிகம் கிடைக்கும், ஆனா ஆகாயத்தாமரை மூடின வருஷம் திறந்த தண்ணி கம்மியா இருக்கும், போறதுக்கு முன்னாடி ஒரு தடவ பைனாகுலரோட மட்டும் போய் பாத்துட்டு வாங்க. பரிசல்ல மீன் பிடிக்கறவங்ககிட்ட ரெண்டு வார்த்தை பேசுங்க, எந்த மூலைல என்ன இறங்குதுன்னு அவங்களுக்கு தெரியற மாதிரி யாருக்கும் தெரியாது, பறவைங்களும் அவங்க பரிசலுக்கு அவ்வளவா பயப்படறதில்ல.

மாசத்த பொறுத்தும் ஒரு கணக்கு இருக்கு. ஐப்பசி கார்த்திகைல வாத்துங்க வந்த புதுசுல ஆண் வாத்தும் பொட்டை மாதிரி மங்கலாத்தான் இருக்கும், எறகு மாத்தி நிறம் தெளியறது தை, மாசி வாக்குல. அப்ப வாத்துதான் வேணும்னா அவசரப்பட்டு நவம்பர்லயே லென்ஸ் வாங்க ஓட வேண்டாம். கரையோரப் பறவைங்க வருஷம் முழுக்க இங்கயே இருக்கறவங்க, அதுல பழகிட்டு இருக்கலாம்.

செட்டிங் பத்தி சுருக்கமா. கொக்கு மாதிரி வெள்ளைப் பறவைக்கு வெயில்ல எக்ஸ்போஷர ஒரு ஸ்டாப் (அதாவது வெளிச்சத்த பாதியா) கீழ இறக்குங்க, இல்லன்னா எறகு வெறும் வெள்ளைக் காகிதமா போயிடும். நாமக்கோழிக்கு நெத்தி வெள்ளைய காப்பாத்தறதா ஒடம்பு கருப்ப காட்டறதான்னு எப்பவும் இழுபறி, நான் நாமத்த காப்பாத்துவேன், கருப்ப பிறகு கம்ப்யூட்டர்ல கொஞ்சம் தூக்கிக்கலாம், வெளுத்துப்போன வெள்ளை திரும்ப வராது. நீந்தற பறவைக்கு 1/800, பறக்கறதுக்கு 1/2000.

செகண்ட் ஹேண்ட் வாங்கறப்ப ஒரு எச்சரிக்கை. நான் முதல்ல ஒரு 70-300 ஒருத்தர்கிட்ட வாங்கினேன், வெளிய பளபளன்னு இருந்துச்சு, வீட்டுக்கு வந்து ஃபோன் டார்ச்ச பின்பக்கமா அடிச்சு முன்பக்கம் பாத்தா உள்ள சிலந்தி வலை மாதிரி பூஞ்சை, திருப்பித் தரக் கேட்டா அவர் ஃபோனே எடுக்கல. காசு போன வருத்தத்த விட அந்த டிசம்பர் முழுக்க லென்ஸ் இல்லாம போனது இன்னைக்கும் மனசுல இருக்கு. அதனால டார்ச் அடிக்காம காசு குடுக்காதீங்க, ஃபோக்கஸ் மோட்டார கிட்ட தூரம்னு பத்து தடவ ஓட விட்டு சத்தம் கேளுங்க, வாங்கின பிறகு சிலிக்கா ஜெல் போட்ட டப்பாக்குள்ள வைங்க, பனில போய்ட்டு வர்ற லென்ஸுக்கு இது கட்டாயம்.

எந்த லென்ஸ் வாங்கினாலும் ஒண்ணே ஒண்ணு கேட்டுக்கறேன், இது கெஞ்சிக் கேக்கறதுன்னே வச்சுக்கோங்க. பறக்கற படம் வேணும்னு கல்லு எறியாதீங்க, கை தட்டாதீங்க. நான் கண்ணால பாத்திருக்கேன், நல்லா மேஞ்சுகிட்டு இருந்த நீலச்சிறகிக் கூட்டத்த ஒருத்தர் கல்லெறிஞ்சு எழுப்பினாரு, மொத்தக் கூட்டமும் குளத்த நாலு சுத்து சுத்தி அந்தப் பக்கம் போய் இறங்குச்சு, அவருக்கு அஞ்சு செகண்ட் படம். அதுங்க இங்க வர்றதே தின்னு ஒடம்ப தேத்திகிட்டு திரும்ப அவ்வளவு தூரம் பறக்கறதுக்குத்தான், ஒவ்வொரு தடவ எழுப்பறப்பவும் அந்தச் சேமிப்புல இருந்துதான் செலவாகுது. கோரைக்குள்ள கூடு இருந்தா கிட்ட போகவே வேண்டாம், நம்ம ஒதுக்கி விட்ட கோரை வழியா காக்காவும் நாயும் உள்ள போயிடும்.

தம்பி நேத்து மறுபடியும் வந்தான். 55-250 ஒண்ணு பாத்து வச்சிருக்கானாம், டார்ச் அடிச்சுப் பாத்துட்டானாம், சுத்தமா இருக்காம். வர்ற ஞாயித்துக்கிழமை காலைல 6.15க்கு மதகுகிட்ட வரச் சொல்லியிருக்கேன், பாயும் ஃபிளாஸ்க்ல காப்பியும் நான் கொண்டு வர்றேன்னு சொன்னேன். வெள்ளைச் சட்டை போட்டுட்டு வராதேன்னும் சொல்லியிருக்கேன்.